கேட்டுவிட்டுக் கேலி செய்தவர்

மேடை ஏறுவதற்கு முன்னால் பட்டிமன்றப் பேச்சாளர்கள் ஆளுக்கொன்று செய்வார்கள். ஒருத்தர் வெந்நீர் கேட்பார், ஒருத்தர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருப்பார், ஒருத்தர் ஓரமாகப் போய்ச் சாமி கும்பிடுவார். நான் சொல்ல வந்த மனிதர் மட்டும் எதிரணிக்காரர்கள் உட்கார்ந்திருக்கும் பக்கம் போய், ஒவ்வொருத்தர் காதுக்கும் குனிந்து ஒரே கேள்வியைக் கேட்பார்.

"எதத் தொடக்கூடாது? சொல்லிருங்க."

பட்டிமன்றத்தைத் தொலைக்காட்சியில் மட்டும் பார்த்தவர்களுக்கு இது விளங்காது. தலைப்பைப் பற்றிப் பேசுவது பாதிதான். மீதிப் பாதி, எதிரே இருக்கிறவரை வாருவது. அவருடைய தொப்பை, வழுக்கை, வீட்டில் மனைவியிடம் வாங்கும் திட்டு, எதுவும் தப்பாது. கூட்டம் அதற்குத்தான் வருகிறது. மதுரைக்காரன் வெறும் கருத்துக் கேட்பதற்காகப் பிளாஸ்டிக் நாற்காலியில் மூன்று மணி நேரம் உட்காருவானா? நக்கல் இருந்தால்தான் உட்காருவான். நானும் மதுரைக்காரிதான், எனக்குத் தெரியாதா!

அவர் கேட்டதும் எல்லாரும் சொல்லிவிடுவார்கள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். "வழுக்கையத் தொட்டுக்கங்க சார், பல்லு வேண்டாம், பல்செட்டுன்னு வெளிய தெரியாது" என்பார் ஒருத்தர். "ரெண்டாவது மகனப் பத்தி மட்டும் வேண்டாம்" என்பார் இன்னொருத்தர். அவர் தலையை ஆட்டிக்கொள்வார். ஏன் என்று கேட்க மாட்டார். ஒரு தடவை நான் அதைப் பற்றி விசாரித்தபோது, "ஏன்னு கேட்டா அதுவே தொட்ட மாதிரிதாம்மா" என்றார். இப்படியே மதுரை வட்டாரத்துப் பேச்சாளர்களில் யாருக்கு எங்கே வலிக்கும் என்பதெல்லாம் அந்த ஒரு மனிதருக்குத் தெரிந்திருந்தது. நினைத்தால் கொஞ்சம் பயமாகக்கூட இருக்கும். ஆனால் சொல்லாதே என்று சொன்னதை அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். கோச்சடையில் வீடு. கறுப்பு, ஒல்லி, முழங்காலைத் தொடுகிற மாதிரி நீளக் கைகள், கொஞ்சம் முன்னால் வந்த தாடை. சட்டை மட்டும் எப்போதும் வெள்ளை, எப்போதும் இஸ்திரி போட்டது. நாங்கள் சார் என்றுதான் கூப்பிடுவோம்.

நான் முதன்முதலில் அவருக்கு எதிராகப் பேசிய அன்று என் காதுக்கும் குனிந்தார். "என் உடம்பத் தொட்டுக்கங்க சார், வேணும்ங்கிற அளவு இருக்கு. எங்க வீட்டுப் பாஷையத் தொடாதீங்க" என்றேன். நாங்கள் சௌராஷ்டிரக் குடும்பம். வீட்டில் பேசுவது வேறு, வெளியே தமிழ். பள்ளிக்கூடத்தில் நான் வாயைத் திறந்தாலே என்னை மாதிரிப் பேசிக் காட்டிச் சிரிப்பார்கள். தமிழ் மேடைக்கு நான் வந்ததே அந்தச் சிரிப்புக்கு ஒரு பதில் சொல்லத்தான். அன்றைக்கு அவர் எழுந்து, "அம்மா வந்து உக்காந்ததும் அந்தப் பக்க மேடை தாழ்ந்துபோச்சு, எங்க அணி உயர்ந்த அணின்னு நடுவர் இப்பவே தீர்ப்புச் சொல்லிரலாம்" என்றார். கூட்டம் கொட்டிச் சிரித்தது. நானும்தான் சிரித்தேன்.

சாருடைய அணியிலேயே வேறொரு பேச்சாளர் இருந்தார். அவர் என் பாஷையைத் தொட்டார். இழுத்து இழுத்து, இரண்டு வரி என்னைப் போலவே பேசிக் காட்டினார். அதற்கும் கூட்டம் சிரித்தது. சார் தன்னுடைய முறை வருவதற்கு முன்பே எழுந்து நடுவரைப் பார்த்து, "இவரு பேசுன நேரத்த எங்க அணிக் கணக்குல இருந்து கழிச்சிருங்கய்யா. அது பேச்சு இல்ல" என்றார். சொந்த அணிக்காரரையே! நான் அன்றைக்கு அழவில்லை என்றால் அதற்குக் காரணம் அவர்தான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சாளரோடு அவர் ஒரே வேனில் ஏறவே இல்லை. அந்த ஆள் வந்து மன்னிப்புக் கேட்டார், பழக்கூடை வாங்கி வந்தார், ஒன்றும் நடக்கவில்லை. சார் "நல்லா இருங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டு டவுன் பஸ்ஸில் வந்தார். அப்போது எனக்கு அது பெருமையாக இருந்தது.

எங்களுக்கு எப்போதும் கணவனா மனைவியா, பணமா பாசமா தலைப்புகள்தான். ஒரு கல்லூரி ஆண்டு விழாவில் 'மனிதன் படைக்கப்பட்டவனா, பரிணமித்தவனா?' என்று ஒரு தலைப்புக் கொடுத்தார்கள். பரிணாமத்துக்குச் சார். படைப்புக்கு யார் என்று தேடியபோது சாமுவேல் அண்ணன் கிடைத்தார். கப்பலூரில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்க்கிறவர், தன் சபையில் மூப்பர். வேதம் முழுக்க மனப்பாடம். சின்ன வயதில் போலியோ வந்து வலது கால் சூம்பிப் போனவர். இரும்புக் கம்பி வைத்த பூட்ஸ் போட்டு, டக் டக்கென்று நடப்பார்.

சார் வழக்கம்போலக் குனிந்து கேட்டார். அண்ணன் சொன்ன பதிலை நான் பக்கத்திலிருந்து கேட்டேன்.

"கர்த்தரத் தொடாதீங்க. மத்தபடி என் காலத்தான் நீங்க மொதல்ல தொடணும் சார். நீங்க தொடலன்னா சனம் பூராம் அதையே பாத்துக்கிட்டு உச்சுக்கொட்டிக்கிட்டு இருக்கும். ஒருக்கா சிரிச்சிருச்சுன்னு வைங்க, அப்புறம் நான் பேசுறதக் கேக்கும்."

சார் தலையை ஆட்டிக்கொண்டார். மேடையில் எழுந்ததும் ஆரம்பித்தார்: "மனுசனப் பாத்துப் பாத்துச் செஞ்சதா அண்ணன் சொல்றாரு. நானும் ஒத்துக்கிடுவேன். ஆனா அண்ணனோட வலது காலு செய்யிறப்ப மட்டும் ஏன் கரண்டு போச்சு?" ஒரு நொடி கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. அண்ணன்தான் முதலில் சிரித்தார், மேசையைத் தட்டித் தட்டி. அப்புறம் அரங்கமே அதிர்ந்தது. அண்ணன் எழுந்து, "கரண்டு போனது நெசந்தான். சாருக்கு வாய் செஞ்சுக்கிட்டு இருந்தாங்க, ஓவர் லோடு" என்றார். அவ்வளவுதான், ஜோடி அமைந்துவிட்டது.

திரும்பி வருகிற வேனில் அண்ணன் கேட்டார்: "எல்லாரையும் கேக்குறீங்களே சார். ஒங்களுக்கு எதத் தொடக்கூடாது?"

இத்தனை வருஷத்தில் அவரிடம் பதிலுக்கு யாரும் அதைக் கேட்டதில்லை. நான்கூடக் கேட்கவில்லை, பாருங்கள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "குரங்கு வேண்டாம்ணே" என்றார்.

வேனே சிரித்தது. பரிணாமம் பேசுகிற மனிதர், குரங்கு வேண்டாமாம்! "மீன் குழம்பு வையி, மீன் போடாதங்கிற மாதிரி இருக்கு சார்" என்று நான்தான் சொன்னேன். அவர் உடனே வாத்தியாராகிவிட்டார். மனிதன் குரங்கிலிருந்து வந்தான் என்று யாரும் சொல்லவில்லை, இரண்டுக்கும் ஒரே முன்னோர், அதைத் தப்பாகப் புரிந்துகொண்டுதான் எல்லாரும் நக்கல் அடிக்கிறார்கள் என்று திருமங்கலம் வரைக்கும் வகுப்பு எடுத்தார். சரி, பாடத்தில் தப்பு வரக்கூடாது என்று நினைக்கிறார் போலிருக்கிறது என்று நாங்கள் விட்டுவிட்டோம். சாமுவேல் அண்ணன் மட்டும் சிரிக்காமல், "சரி சார்" என்றார். பிறகு எப்போதோ இருவரும் தனியாக இருந்தபோது, காரணத்தை அண்ணனிடம் மட்டும் அவர் சொல்லியிருக்கிறார். அது எனக்குப் பின்னால்தான் தெரியும்.

அதன் பிறகு அந்தத் தலைப்புக்கு நல்ல கிராக்கி. படைப்பு அணிக்காரருக்குக் கையில் இருக்கிற முதல் ஆயுதமே குரங்குதான். அதை எடுக்காமலே அண்ணன் வருஷக்கணக்காகப் பேசினார். கீழக்குயில்குடியில் ஒரு திருவிழா மேடை. கூட்டத்திலிருந்து ஒருவன், "குரங்கச் சொல்லுண்ணே, எப்பச் சொல்லுவ?" என்று கத்தினான். விழாக் கமிட்டிக்காரர் மேடை ஓரமாக வந்து, "அண்ணே, குரங்கு வரலயேண்ணே, ஆளுக கேக்குறாங்க" என்று நச்சரித்தார். அண்ணன் மைக்கிலேயே, "குரங்கு எதுக்குய்யா? சாரு இங்க உக்காந்திருக்கிற எல்லாருக்கும் லட்சம் வருசத்து முன்னோரச் சொல்லிருவாரு, பக்கத்து வீட்டுக்காரன் பேரக் கேளுங்க, முழிப்பாரு" என்று வேறு பக்கம் திருப்பிவிட்டார். சார் தலை குனிந்து சிரித்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தை நான் பார்த்தேன். அப்படியொரு நிம்மதி.

சாப்பாட்டு நேரத்தில் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து இலை. அண்ணன் கண்ணை மூடி ஜெபம் பண்ணுவார், நீளமாகவே பண்ணுவார். இவர் சோற்றில் கை வைக்காமல் காத்திருப்பார். ஆமென் வந்ததும், "என்னண்ணே, ரசம் ஆறிப்போச்சுன்னு மேல சொல்லிட்டீங்களா?" என்பார். இந்த மாதிரி ஒரு சிநேகிதத்தை நான் வேறு எங்கும் பார்க்கவில்லை. பொறாமையாகக்கூட இருக்கும்.

எல்லாம் கெட்டது ஒரு கைப்பேசியால். ஒரு நிகழ்ச்சியை யாரோ படம் எடுத்து, காலைக் கேலி செய்ததை மட்டும் வெட்டிப் போட்டுவிட்டார்கள். அண்ணன் மேசையைத் தட்டிச் சிரித்தது அதில் இல்லை. 'ஊனமுற்ற விசுவாசியைக் கேவலப்படுத்தும் நாத்திகப் பேராசிரியர்' என்று மேலே எழுத்து. இரண்டே நாளில் எங்கள் குடும்ப குரூப்பில்கூட வந்துவிட்டது.

பிறகு நடந்ததைச் சொல்லவே நாக்கூசுகிறது. ஒரு பக்கம், அவர் முகத்தை வெட்டி மரக்கிளையில் உட்கார வைத்தார்கள், வால் வரைந்தார்கள், கையில் வாழைப்பழம் கொடுத்தார்கள். இன்னொரு பக்கம், அவருக்கு ஆதரவு என்று கிளம்பிய அறிவியல் பிள்ளைகள் அண்ணனை நொண்டி என்றார்கள், காலோடு சேர்த்து மூளையும் சூம்பிவிட்டது என்றார்கள். கடவுள் உண்டா இல்லையா, மனிதன் எப்படி வந்தான், அந்தப் பேச்சே அங்கே கிடையாது.

நான் கோச்சடைக்குப் போனபோது சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொருத்தனுக்கும் பதில் தட்டிக்கொண்டிருந்தார். 'அவர் காலைப் பற்றிப் பேச அவரிடம் அனுமதி கேட்டீர்களா?' எல்லாருக்கும் இதே ஒரு வரி. அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள்.

"எனக்கு ஆதரவாம்! இவனுக ஆதரவுல இடி விழ" என்றார். தன்னுடைய குரங்குப் படங்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அண்ணனுடைய சபையிலும் கொதித்தார்கள். இது எங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டதுதான் என்று அண்ணன் சொன்னதை யாரும் நம்பவில்லை. பேசி வைத்து ஒருத்தன் தன் காலை நக்கலடிக்கச் சொல்வானா? பதில் கொடுக்க ஒரு கூட்டம் போடுவது, மூப்பர் பேசுவது, அதைப் படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்புவது என்று முடிவாகிவிட்டது. அண்ணனால் தட்ட முடியவில்லை.

சார் எனக்குப் போன் பண்ணி, "நான் போறேன். நீ வாரியாம்மா?" என்றார்.

"எதுக்கு சார் அங்க போய் மாட்டிக்கிடணும்? பேசாம வீட்ல இருங்க."

"ஊரு என்ன வேணாலும் சொல்லட்டும்மா. அண்ணன் வாயில இருந்து மட்டும் அது வந்துரக்கூடாது. வருதா வரலையான்னு எனக்குத் தெரியணும்."

என் ஸ்கூட்டியின் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப் போனேன். கப்பலூர் தாண்டி ஒரு தகரக் கூரை மண்டபம். கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். முதலில் பேசிய ஒருவர் பெரிய திரையில் சாருடைய படத்தைப் போட்டார், வாலோடு. சனம் விழுந்து விழுந்து சிரித்தது. இவர் தன் நீளக் கைகளை மடித்து அக்குளுக்குள் வைத்துக்கொண்டார். எனக்கு எழுந்து நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று வந்தது. அவர் என் சேலை முந்தானையைப் பிடித்து உட்கார வைத்தார்.

அண்ணன் பேச வந்தார். நிதானமாகத்தான் ஆரம்பித்தார். கண்ணின் அமைப்பைச் சொன்னார், விதை முளைப்பதைச் சொன்னார், வசனம் சொன்னார். கூட்டத்துக்கு அது போதவில்லை. "அந்தக் குரங்குக்குப் பதில் சொல்லுங்க மூப்பரே!" என்று முன்வரிசையில் ஒரு குரல். பிறகு பத்துக் குரல். கை தட்டிக்கொண்டே "குரங்கு, குரங்கு" என்று தாளம் போட ஆரம்பித்துவிட்டார்கள்.

அண்ணனுக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது. மேசையை ஓங்கித் தட்டினார்.

"நிறுத்துங்கய்யா! மனுசனத் தேவன் தன் சாயல்ல படைச்சாருன்னுதானே இம்புட்டு நேரம் பேசுறேன்? அப்ப அந்த மொகமும் அவர் செஞ்சதுதானே? அதப் போயி குரங்குன்னு சொல்ல எனக்கு வாய் இல்ல. ஒங்களுக்குத் தெரியுமா, சாரு சின்னப் பிள்ளையா இருக்கையில அவுக அப்பா கூலி வேல பாத்த வீட்ல, புளியமரம் உலுக்க இவரத்தான் ஏத்துவாங்களாம். பேரு சொல்லிக் கூப்பிட மாட்டாங்களாம். 'ஏ குரங்கு'ன்னுதான் கூப்பிடுவாங்களாம். இவரும் 'என்னங்கய்யா'ன்னு போய் நிப்பாராம். அத எங்கிட்டச் சொல்லி அழுதிருக்காருய்யா அந்த மனுசன்! அவரையா நீங்க..."

மண்டபம் கப்பென்று அடங்கிவிட்டது. சாமுவேல் அண்ணன் ஜெயித்துவிட்டார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு சாரைப் பார்த்தேன். அவர் அண்ணனைப் பார்க்கவில்லை. மேடைக்குக் கீழே ஓடிக்கொண்டிருந்த கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

யாரோ சாரை அடையாளம் கண்டுவிட்டார்கள். வரிசை வரிசையாகத் தலைகள் திரும்பின. வயதான ஒரு அம்மா எழுந்து வந்து இவர் கையைப் பிடித்துக்கொண்டு, "பாவம்யா நீ, எங்கள மன்னிச்சுக்கய்யா" என்று அழுதது. அவர் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு வெளியே நடந்தார்.

அண்ணன் டக் டக்கென்று பின்னாலேயே ஓடி வந்தார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். "சார்! வாய அடைச்சுட்டேன்ல?"

"நல்லாப் பேசினீங்கண்ணே" என்றார் அவர்.

ஸ்கூட்டியில் திரும்பினோம். பழங்காநத்தம் தாண்டின பிறகு, "எம்மகளுக்குக்கூடத் தெரியாதும்மா அது" என்றார்.

"உங்களக் காப்பாத்தத்தான சார் அண்ணன் சொன்னாரு."

"ஆமா. அதனாலதான் கோவிச்சுக்கக்கூட முடியல. ஆனா எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

கேட்டிருக்கலாம்தான். ஆனால் அந்தக் கூட்டத்துக்கு நடுவில் எப்படிக் கேட்பார்?

அந்தக் கூட்டத்தில் எடுத்த படமும் எல்லா இடத்துக்கும் போனது. ஒரே நாளில் வால் வரைந்தவன் எல்லாம் மன்னிப்புக் கேட்டான். அவரைப் பற்றி உருகி உருகி எழுதினார்கள். அதற்குப் பிறகு அவரை மேடையில் யாரும் கேலி செய்யவில்லை. எதிரணியில் புதிதாக வருகிறவர்கள்கூட எழுந்ததும் அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் பேசினார்கள். அவர் முகம் அதற்கெல்லாம் இறுகிக்கொண்டே போனது.

கடைசியாகச் சாரும் அண்ணனும் சேர்ந்து ஏறிய மேடை ஒரு கல்லூரி அரங்கம். அதே தலைப்பு. அன்றைக்குச் சார் எதிரணிப் பக்கம் வரவே இல்லை, யார் காதுக்கும் குனியவில்லை. எழுந்து, "மதிப்பிற்குரிய நண்பர் சாமுவேல் அவர்களே" என்று ஆரம்பித்தார். நான் அண்ணன் அணியில், அவருக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். அண்ணன் காத்துக்கொண்டிருந்தார். இதோ வரும், இதோ காலுக்கு வரும் என்று சிரிக்கத் தயாராக மேசை மேல் கையை வைத்துக்கொண்டிருந்தார். வரவே இல்லை. அணு, மரபணு, புதைபடிவம் என்று அப்பழுக்கில்லாத பேச்சு. ஒரு நக்கல் கிடையாது. நடுவர் எழுந்து, விவாதம் என்றால் இப்படி அல்லவா இருக்க வேண்டும், என்ன நாகரிகம், என்ன கண்ணியம் என்று பாராட்டினார். பிள்ளைகள் ஒழுங்காகக் கை தட்டினார்கள்.

அண்ணன் முறை வந்தது. எழுந்து மைக்குக்கு நடந்தார். சிரிப்பில்லாத அந்த அரங்கத்தில் இரும்புச் சத்தம் மட்டும் கேட்டது. முந்நூறு பிள்ளைகளும் அவர் காலையே பார்த்தார்கள். இரண்டு வரி பேசினார், தடுமாறினார், சொன்ன வசனத்தையே திரும்பச் சொன்னார். பிறகு மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு சார் பக்கம் திரும்பினார்.

"சார், என்னய ஏதாச்சும் சொல்லுங்க சார்."

கெஞ்சினார். சொல்லித் தொலையுங்களேன், ஒரு வார்த்தைதானே என்று சாரைப் பார்த்தேன். அவ்வளவு கோபம் எனக்கு அவர் மேல் அதற்கு முன்னால் வந்ததில்லை. இப்போது அவர் கோயம்புத்தூரில் மகள் வீட்டில் இருக்கிறார் என்கிறார்கள், இன்னும் அந்தக் கோபம் எனக்குத் தீரவில்லை.

அவர் நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தார்.

"தங்கள் நேரம் போய்க்கொண்டிருக்கிறது. தொடருங்கள்" என்றார், அத்தனை மரியாதையாக.